கண்ணை மறிக்கும் வெண்திரை: திருட்டைத் தடுக்கும் மூடுபனிக் கருவி

நியூசிலாந்தில் பால், ரொட்டி, சிகரெட் விற்கும் தெருமுனைக் கடையை ‘டெய்ரி’ என்று அழைக்கிறார்கள். அவற்றுள் பலவற்றை இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் நடத்துகின்றன. 2010 முதல் 2020 வரை அந்நாட்டு அரசு புகையிலை வரியை ஆண்டுதோறும் 10 விழுக்காடு உயர்த்தி வந்ததால், இக்கடைகளின் அலமாரியில் இருந்த சிகரெட் பெட்டிகள் திருடர்களின் முதல் இலக்காயின. பின்னர், காரைக் கொண்டே கடையின் முகப்பை இடித்துத் திறந்து, அகப்பட்டதை அள்ளிச் செல்லும் கொள்ளைகளும் பெருகின. 2022 நவம்பரில் ஆக்லாந்தில் டெய்ரி ஊழியர் ஒருவர் கொள்ளையின்போது கொல்லப்பட்டதை அடுத்து, ‘ஃபாக் கேனன்’ எனப்படும் மூடுபனிக் கருவியைப் பொருத்த விரும்பும் சிறு கடைகளுக்கு 4,000 நியூசிலாந்து டாலர் மானியம் வழங்குவதாக அரசு அறிவித்தது. ஐரோப்பாவில் நகைக்கடைகளும் கிடங்குகளும் இக்கருவியை அதற்கு முன்பிருந்தே பயன்படுத்தி வருகின்றன. ஈஎன் 50131-8 என்ற தனித் தரநிலையும் அங்கு இதற்கென உண்டு.

கதவை உடைத்து, வேண்டியதை எடுத்து, வெளியேறிவிட ஒரு திருடனுக்குச் சில நிமிடங்கள் போதும். எச்சரிக்கை மணி அடித்தாலும் காவலர் வந்து சேர அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். பூட்டும் கம்பிக் கதவும் அவன் நுழைவதைத் தாமதப்படுத்துகின்றன. கேமரா அவன் செய்வதைப் பதிவு செய்கிறது. உள்ளே நுழைந்தது முதல் காவலர் வருவது வரையுள்ள இடைவெளியை நிரப்புவதற்கு இவற்றால் இயலாது. மூடுபனிக் கருவி அந்த இடைவெளிக்கென்றே அமைந்தது. ஆளைப் பிடிக்கும் வேலையோ காயப்படுத்தும் வேலையோ அதற்கு இல்லை. எதை எடுப்பது, எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாதபடி சில வினாடிகளில் அறையை வெண்மையால் நிரப்பிவிடுவது ஒன்றே அதன் பணி.

இதற்கு எவ்வளவு திரவம் வேண்டும் என்று கணக்கிட்டால் கிடைக்கும் விடை வியப்பளிக்கிறது. ஆறு மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமும் 2.8 மீட்டர் உயரமும் கொண்ட ஓர் அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 100 கன மீட்டர். அதில் 100 மில்லிலிட்டர், அதாவது அரை டம்ளர் அளவு, திரவத்தைத் துளிகளாகப் பரப்புவதாகக் கொள்வோம். அப்போது கன மீட்டருக்கு ஒரு மில்லிலிட்டர் வீதம் கிடைக்கும். இயற்கையான மூடுபனியில் துளிகள் பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரான் விட்டம் கொண்டவை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நம் அரை டம்ளர் திரவமும் 20 மைக்ரான் துளிகளாகப் பிரிந்தால், ஜெர்மானிய வானிலையியலாளர் ஹரால்ட் கோஷ்மீடர் 1924-இல் வகுத்த பார்வைத் தொலைவு வாய்பாட்டின்படி, சுமார் 26 மீட்டர் வரை பார்க்க இயலும். அறையே ஆறு மீட்டர்தான் என்பதால், திருடனுக்கு அதனால் ஓர் இடையூறும் இல்லை.

அதே திரவம் ஒரு மைக்ரான் துளிகளாக உடையட்டும். ஒவ்வொரு மில்லிலிட்டரிலிருந்தும் ஏறத்தாழ 1.9 லட்சம் கோடி துளிகள் பிறக்கும். அவை ஒளியின் பாதையில் குறுக்கிடும் மொத்தப் பரப்பு 20 மடங்கு கூடிவிடும். அத்துடன், துளியின் விட்டம் ஒளியின் அலைநீளத்தைப் போல் ஓரிரு மடங்காக இருக்கும்போது, அது தன் உருவ அளவைவிட மூன்று மடங்கு பரப்பில் விழும் ஒளியைத் திசைதிருப்பும் ஆற்றலைப் பெறுகிறது. ஒளி சிதறும் இவ்வகையைக் கணித வடிவில் விளக்கியவர் குஸ்தாவ் மீ, ஆண்டு 1908. இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் பார்வைத் தொலைவு ஒரு மீட்டருக்கும் கீழே, சுமார் 87 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. கையை நீட்டினால் விரல் நுனி மங்கலாகத் தெரியும் நிலை இது. திரவத்தின் அளவைக் கூட்டாமல், துளியைச் சிறிதாக்கியதால் மட்டுமே கிடைத்த மாற்றம் இது.

சிறிய துளிக்கு மற்றொரு நன்மையும் உண்டு. 20 மைக்ரான் துளி வினாடிக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் கீழிறங்கி, சுமார் நான்கு நிமிடங்களில் தரையைத் தொட்டுவிடும். ஒரு மைக்ரான் துளியோ ஒரு மணி நேரத்தில் ஒரு சாண் அளவுகூட இறங்குவதில்லை. துளிகள் ஒன்றோடொன்று மோதி இணைவதால் மூடுபனி மெல்ல மெல்ல மெலியும் என்றாலும், காவலர் வந்து சேரும்வரை நிலைத்திருக்க அது போதும்.

இத்தகைய நுண்துளிகளை எந்தத் தெளிப்பானாலும் இந்த வேகத்தில் உருவாக்க இயலாது. எனவே திரவத்தை முதலில் முற்றிலும் ஆவியாக்கி, பிறகு காற்றில் தானே குளிர்ந்து துளிகளாக மாறவிடுகிறார்கள். கருவியின் நடுவே 200 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடேற்றி வைத்த உலோகக் கட்டி ஒன்று இருக்கும். அதனுள் நீண்ட, குறுகிய பாதை வளைந்து வளைந்து செல்லும். எச்சரிக்கைக் கட்டளை வந்தவுடன் பம்போ அழுத்தப்பட்ட வாயுவோ திரவத்தை அப்பாதையில் செலுத்துகிறது. அது ஆவியாகிப் பன்மடங்கு விரிந்து, முனையிலுள்ள துளை வழியே பெரும் வேகத்தில் பீறிடுகிறது. வெளியிலுள்ள குளிர்ந்த காற்றோடு கலந்த அக்கணமே ஆவி நுண்துளிகளாக மாறிவிடுகிறது. முனையை ஒட்டிய சிறிது தூரத்திற்குப் பீச்சு கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதும், அதற்கப்பால்தான் வெண்மை தொடங்குவதும் இதனாலேயே.

உலோகக் கட்டியை ஏன் எந்நேரமும் சூடாகவே வைத்திருக்க வேண்டும்? கருவியில் ஊற்றும் திரவம், கிளைக்கால் எனப்படும் எளிதில் ஆவியாகாத வேதித் திரவமும் நீரும் சேர்ந்த கலவை. நம் அரை டம்ளர் கிளைக்காலுடன் அதே அளவு நீரும் கலந்திருப்பதாகக் கொண்டால், இரண்டையும் சூடாக்கி ஆவியாக்கச் சுமார் 4 லட்சம் ஜூல் வெப்பம் தேவை. அதைப் பத்து வினாடியில் தருவதென்றால் 40 கிலோவாட் திறன் வேண்டும். வீட்டிலுள்ள 16 ஆம்பியர் பிளக்கிலிருந்து நான்கு கிலோவாட்கூடக் கிடைக்காது. ஆகவே பகலெல்லாம் சிறிது சிறிதாக மின்சாரத்தை எடுத்து, வெப்பமாக உலோகத்தில் சேமித்து வைக்கிறார்கள். பத்து கிலோ அலுமினியம் 45 டிகிரி குளிர்ந்தாலே அந்த 4 லட்சம் ஜூலைக் கொடுத்துவிடும். திருடன் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு உள்ளே வந்தாலும் கட்டியின் சூடு உடனே தணிந்துவிடாது. பம்பையும் கட்டுப்பாட்டுச் சுற்றையும் இயக்க ஒரு பேட்டரி போதும். எனக்கு இக்கருவியில் மிகவும் பிடித்த பகுதி இதுவே.

கிளைக்கால் ஏன் என்ற கேள்விக்கு விடை எளிது. நீர்த்துளிகள் உலர்ந்த அறையில் தோன்றிய வேகத்திலேயே மறைந்துவிடும். புரோப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரியிலும் ட்ரைஎத்திலீன் கிளைக்கால் 285 டிகிரியிலும் கொதிப்பவை. அறை வெப்பத்தில் அவை மிக மெதுவாகவே ஆவியாகும். இக்கலவை நாடக மேடையிலிருந்தும் திரைப்படத் தளத்திலிருந்தும் வந்தது. நச்சுத்தன்மையற்ற மூடுபனித் திரவத்தை உருவாக்கியதற்காகக் குந்தர் ஷைட் என்பவருக்கும் ராஸ்கோ நிறுவனத்திற்கும் 1984-ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் தொழில்நுட்ப விருது வழங்கப்பட்டது. மேடைக் கருவி மெல்லப் புகைவது போதும். பாதுகாப்புக் கருவி அதையே வினாடிக் கணக்கில் செய்தாக வேண்டும்.

டார்ச் விளக்கால் இத்திரையைத் துளைக்க முடியாது. மூடுபனியில் காரின் உயர்கற்றை விளக்கைப் போட்டவர்கள் அறிவார்கள்: ஒளி கூடக்கூடச் சுவர்போல் வெண்மை முன்னே எழும். கேமராவுக்கும் அதே கதிதான். இருளில் பார்ப்பதற்கென அதனுடன் பொருத்தும் அகச்சிவப்பு விளக்கும் துளிகளில் பட்டுத் திரும்பிவிடுகிறது. பத்து மைக்ரான் அலைநீளத்தில் இயங்கும் வெப்பக் கேமரா மட்டும் ஓரளவு ஊடுருவிப் பார்க்கும். ஆகவே நுழைபவனின் முகத்தைப் பதிவு செய்யும் கேமராவை வாசலிலேயே வைத்துவிடுவது நல்லது.

பொருத்தும் முறையில் பிழை நேர்ந்தால் நல்ல கருவியும் தீங்காகலாம். முனையைச் சரக்கை நோக்கித் திருப்ப வேண்டும். வெளியேறும் வழியை நோக்கித் திருப்பக் கூடாது. உள்ளே மாட்டிக்கொண்டு வழி தெரியாமல் தவிப்பவன் திருடனாகவே இருந்தாலும், அவன் வெளியே போய்விடுவதுதான் கடைக்காரருக்கும் பாதுகாப்பு. தவறி இயங்காமல் இருக்க, ஒன்றையொன்று சாராத இரண்டு உணரிகள் உறுதிசெய்த பிறகே பீறிடுமாறு அமைப்பது முறை. ஒளிச்சிதறலைக் கொண்டு புகையைக் கண்டறியும் தீயுணரிகள் இத்துளிகளைப் புகையென்றே கொள்ளும். வெளியே கசியும் வெண்மையைக் கண்டு அண்டை வீட்டார் தீயணைப்புத் துறையை அழைப்பதும் இயல்பு. எனவே தீயணைப்பு நிலையத்திற்கு முன்கூட்டியே தெரிவித்து, கதவில் அறிவிப்பு ஒட்டுவது அவசியம்.

உடல்நலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் கிளைக்கால் மூடுபனிக்கிடையே நாள்தோறும் நடித்தவர்களிடம் நடத்திய ஆய்வொன்று 2000-ஆம் ஆண்டில் வெளியானது. அடர்த்தி மிகும்போது தொண்டையும் மூக்கும் எரிச்சலடைவதை அது பதிவு செய்தது. கடையில் சில நிமிடம் சுவாசிப்பது அத்தகைய தொடர் பழக்கம் அல்ல என்றாலும், ஆஸ்துமா உள்ளவர்கள் உடனே வெளியேறிவிட வேண்டும். வேலை முடிந்ததும் கதவு சன்னல்களைத் திறந்துவிட்டால் மூடுபனி கலைந்துவிடும். அறையின் கொள்ளளவுக்கு மீறிய கருவியைப் பொருத்தியிருந்தாலோ நெடுநேரம் காற்றோட்டமின்றி மூடி வைத்திருந்தாலோ, கண்ணாடிப் பரப்பின்மீது மெல்லிய ஈரப்படலம் படிந்திருக்கும். அதை ஈரத்துணியால் துடைத்தெடுத்துவிட்டு, கருவியின் திரவக் குப்பியையும் மாற்றிவிட வேண்டும்.