வெள்ளைச் சீருடை ஏன் சாம்பலாகிறது? கமராவின் மோட் டயல் செய்யும் வேலை

பாடசாலைப் பிள்ளைகள் நாற்பது பேரை வெள்ளைச் சீருடையோடு மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரை மணலில் வரிசையாக நிறுத்தி, கமராவை ஓட்டோ மோடில் வைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். காலை பத்து மணி, நல்ல வெயில், ஃபோகஸும் சரி. ஆனாலும் படத்தில் சீருடை இரண்டு நாள் போட்டுக் கழுவாத துணிபோல மங்கிக் கிடக்கும். முகங்கள் அதைவிடக் கறுத்திருக்கும். கமராவில் பழுது ஒன்றும் இல்லை. அது தனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கைப் பிசகாமல் போட்டிருக்கிறது.

கமராவின் ஒளிமானி லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை அளக்கும். எதிரே நிற்பது வெள்ளைத் துணியா, கறுப்பு ஆடா என்று அதற்குத் தெரியாது. ஆகவே எந்தக் காட்சியையும் கூட்டிக் கழித்தால் நடுத்தரச் சாம்பல்தான் வரும் என்று எடுத்துக்கொள்கிறது. விழுகிற ஒளியில் சுமார் 18 வீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டையை இதற்கு அளவாகச் சொல்வது வழக்கம். வயல், மரம், வீடு, ஆட்கள் என்று கலந்து கிடக்கும் காட்சியில் இந்த ஊகம் பலிக்கும். வெள்ளை மணலும் வெள்ளைச் சீருடையும் சட்டகத்தை நிரப்பினால், ஒளி அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று கமரா நினைத்து அதைக் குறைக்கிறது. இருட்டுப் பின்னணியில் இதற்கு நேர்மாறு: கறுப்பாக இருக்க வேண்டிய இரவு வெளுத்து நரைத்துப்போகும். இன்றைய கமராக்கள் சட்டகத்தைப் பல கட்டங்களாகப் பிரித்து அளக்கின்றன, முகத்தைக்கூட அடையாளம் காண்கின்றன. அதனால் பிழை குறைகிறது, ஆனால் முற்றாக ஒழிவதில்லை.

இதற்கு மருந்து எக்ஸ்போஷர் திருத்தம், அதாவது கமரா எடுக்கும் ஒளியின் அளவை நாமே கூட்டிக் குறைப்பது. கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தானை அழுத்திச் சில்லைத் திருப்பி +1 வையுங்கள், போதாவிட்டால் +1.3. சீருடை வெளுக்கும், முகங்களும் தெளியும். படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று இடமிருந்து வலமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தில் முட்டி நின்றால் வெள்ளையில் விவரம் அழிந்துவிட்டது என்று பொருள், 0.3 குறையுங்கள். பெரும்பாலான கமராக்களில் முழு ஓட்டோவில் இந்தப் பொத்தான் வேலை செய்யாது. கமராவின் மேலே இருக்கும் மோட் டயலை, முழு ஓட்டோவைக் குறிக்கும் பச்சைக் கட்டத்திலிருந்து நகர்த்துவதற்கு முதற் காரணம் இதுவே.

டயலில் எந்த எழுத்து இருந்தாலும் கமரா தீர்மானிப்பது மூன்று எண்களை. முதலாவது அபர்ச்சர், அதாவது லென்ஸின் துவாரம். குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் எஃப் எண் வரும்: 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. துவாரம் என்றால் எஃப்/2. வகுக்கும் கணக்கு என்பதால்தான் எண் ஏற ஏறத் துவாரம் சிறுக்கிறது. 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற வரிசையில் ஒவ்வொரு படிக்கும் ஒளி பாதியாகும். இரண்டாவது, ஒளியை உள்ளே விடும் கதவாகிய ஷட்டர் திறந்திருக்கும் நேரம். மூன்றாவது ஐ.எஸ்.ஓ., அதாவது படம் பதியும் சென்சார் ஒளிக்குக் காட்டும் உணர்திறன். ஒளி இரட்டிப்பதையோ பாதியாவதையோ ஒரு ஸ்டொப் என்பார்கள். மூன்று எண்களும் ஒரே அலகில் பேசுவதால் ஒன்றில் விட்டதை இன்னொன்றில் பிடிக்கலாம். உச்சி வெயிலுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: எஃப்/16 வைத்தால் ஷட்டர், ஐ.எஸ்.ஓ.வின் தலைகீழ். ஐ.எஸ்.ஓ. 100க்கு ஏறத்தாழ 1/100 செக்கன். அதே வெளிச்சத்தில் எஃப்/8க்குப் போனால் 1/400.

இவற்றில் எந்த எண்ணை நாம் பிடித்துக்கொள்கிறோம், எதைக் கமராவிடம் விடுகிறோம் என்பதைத்தான் மோட் டயல் கேட்கிறது. எங்களுடைய பகுதியை 1978இல் சூறாவளி அடித்தது பலருக்கு நினைவிருக்கும். கெனன் ஏ-1 என்ற ஃபிலிம் கமரா வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். அபர்ச்சரைப் பிடிப்பது, ஷட்டரைப் பிடிப்பது, இரண்டையும் கமராவிடமே விடுவது ஆகிய மூன்றும் அதில் இருந்தன. இன்றைய டயலின் எலும்புக்கூடு அது.

முழு ஓட்டோவில் மூன்று எண்களோடு ஃபிளாஷையும் ஃபோகஸ் புள்ளியையும் கமராவே எடுத்துக்கொள்ளும். சட்டென்று நடக்கும் ஒன்றைத் தவறவிடாமல் பிடிக்க அது நல்லதே, அதைக் கேவலமாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. பி மோடில் அபர்ச்சரையும் ஷட்டரையும் மட்டும் கமரா பார்த்துக்கொள்ளும், ஐ.எஸ்.ஓ., ஃபிளாஷ், திருத்தம் எல்லாம் உங்கள் கையில். சில்லைத் திருப்பினால் மொத்த ஒளி மாறாமல் எஃப்/5.6, 1/250 என்ற சோடி எஃப்/8, 1/125 ஆக மாறும். ஓட்டோவிலிருந்து வெளியே வருகிறவர்கள் முதலில் ஒரு வாரம் பி மோடில் இருந்துவிட்டு அப்பால் போகலாம்.

டயலில் இருக்கும் சின்னப் படங்களும் இதே எண்களைத்தான் ஆட்டுகின்றன. பெண் தலை துவாரத்தை விரித்துப் பின்னணியை மங்கலாக்கும். ஓடும் மனிதன் ஷட்டரை விரைவாக்கி, நகரும் ஆளைத் தொடரும் ஃபோகஸையும் தொடர் படப்பிடிப்பையும் போட்டுவிடும். மலை, துவாரத்தைச் சுருக்கிப் பச்சையையும் நீலத்தையும் தூக்கிக் காட்டும். நட்சத்திரத்தோடு இருக்கும் ஆள், ஃபிளாஷையும் அடித்து ஷட்டரையும் நீளத் திறந்து வைக்கும். அந்த மோடில் ஃபிளாஷ் அடித்ததும் ஆள் நகர்ந்துவிட்டால் படத்தில் ஆவிபோல இரட்டை உருவம் தெரியும். ஷட்டர் மூடும்வரை அசைய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஏ மோட், கெனனில் ஏவி, அபர்ச்சரை உங்களிடம் தரும். ஒரு முகத்தை மட்டும் துலக்கி எடுக்க எஃப்/2 பக்கம், சேனாநாயக்க சமுத்திரம் என்ற குளத்தின் கரைக் கல்லிலிருந்து எதிர்மலை வரை துலங்க எஃப்/8 அல்லது எஃப்/11. அதற்கு மேல் எஃப்/22 வரை சுருக்கினால் இன்னும் துலங்கும் என்று பலர் நம்புகிறார்கள். சின்னத் துவாரத்தின் விளிம்பில் ஒளி வளைந்து சிதறுவதால் முழுப்படமும் சற்று மெழுகிப்போகும். இன்னொரு பொறி: எஃப்/1.8 லென்ஸோடு பாசிக்குடாவின் உச்சி வெயிலில் நின்றால், ஐ.எஸ்.ஓ. 100இலும் ஷட்டர் 1/10000 அளவுக்கு வேண்டும். பல கமராக்களின் எல்லை 1/4000. ஷட்டர் எண் மின்னிக்கொண்டே இருக்கும், படம் ஒரு ஸ்டொப்புக்கு மேல் வெளுத்து வரும். எஃப்/2.8 வரை சுருக்கினால் தீர்ந்தது.

எஸ் மோட், கெனனில் டிவி (Tv), ஷட்டரை உங்களிடம் தரும். வாவியில் தோணியில் நின்று வீச்சுவலை எறிகிறவரை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். வலை விரிந்து வட்டமாக நிற்பது கண் இமைக்கும் நேரம், ஓரத்து ஈயக் குண்டுகள் அதைவிட வேகம். 1/250இல் ஆள் தெளிவாக இருப்பார், வலையின் ஓரம் கோடாக இழுபடும். 1/1000 வேண்டும். சூரியன் கிளம்பிச் சற்று நேரத்தில் இருக்கும் மெல்லிய வெயிலில், எஃப்/5.6க்கும் ஐ.எஸ்.ஓ. 100க்கும் 1/125 பொருந்தும் என்றால், 1/1000 என்பது மூன்று ஸ்டொப் குறைவு. ஆகவே ஐ.எஸ்.ஓ. 100 மூன்று முறை இரட்டித்து 800 ஆக வேண்டும். இதைச் செய்யாமல் ஷட்டரை மட்டும் ஏற்றினால், கமரா துவாரத்தை முடிந்த மட்டும் விரித்துவிட்டு மேலே வழியில்லாமல் நிற்கும். அப்போது அபர்ச்சர் எண் மின்னும் அல்லது திரையில் எச்சரிக்கை வரும். அதைக் கவனிக்காமல் அழுத்தினால் படம் இருண்டுவிடும். ஐ.எஸ்.ஓ.வை ஓட்டோவில் போட்டு, மேல் எல்லையை 3200 என்று மெனுவில் கட்டிவிடுவது வசதி. ஃபோகஸைத் தொடர் முறையில், அதாவது ஏஎஃப்-சி அல்லது ஏஐ சேர்வோவில் வைத்து, அவர் உடம்பைத் திருப்பத் தொடங்கும்போதே பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். வலை விரிந்ததைக் கண்டபின் அழுத்தினால் அது தண்ணீரில் விழுந்திருக்கும்.

காலை வெளிச்சம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் பூமத்திய கோட்டுக்கு அருகில், ஏறக்குறைய 7.7 பாகை வடக்கில் இருக்கிறோம். இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுகிறது, மணிக்கு 15 பாகை வீதம். கடலை விட்டுக் கிளம்பி 25 நிமிடத்தில் 6 பாகைக்கு வந்துவிடும். குளிர்நாட்டுப் படப்பிடிப்பு நூல்கள் பேசுகிற நீண்ட பொன்னொளி எங்களுக்கு வாய்ப்பதில்லை, மோடையும் ஐ.எஸ்.ஓ.வையும் வீட்டிலேயே சரிபார்த்துக்கொண்டு போக வேண்டும். கிழக்குக் கரை என்பதால் கரைவலை இழுப்பவர்களை மணற்பக்கம் நின்று எடுத்தால் சூரியன் அவர்களுக்குப் பின்னால் இருக்கும். உருவம் மட்டும் கறுப்பாக வேண்டுமானால் திருத்தம் -1 முதல் -2 வரை. முகம் வேண்டுமானால் சட்டகத்தில் ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பொட் அளவீட்டை முகத்தில் வைத்து அளந்துகொள்ளுங்கள், வானம் வெளுப்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டையும் கேட்டால் கிட்ட நின்று ஃபிளாஷ் அடிக்க வேண்டும். எவ்வளவு கிட்ட? ஃபிளாஷின் வலுவைச் சொல்லும் கைட் நம்பரை எஃப் எண்ணால் வகுத்தால் மீற்றரில் விடை வரும். கைட் நம்பர் 12 உள்ள கமராவில் எஃப்/5.6க்கும் ஐ.எஸ்.ஓ. 100க்கும் சுமார் 2 மீற்றர்தான். அறுகம்பையில் அலைமேல் வருகிறவரைக் கரையில் நின்று ஓட்டோவில் எடுக்கும்போது குதித்தெழும் ஃபிளாஷால் எந்தப் பலனும் இல்லை.

மூன்று எண்களையும் நாமே வைக்கும் மெனுவல் மோடின், அதாவது எம் மோடின், அருமை தெரிவது கூத்து ஆடும் களரியில். இரவு, வட்டக்களரி, சுற்றிலும் எல்இடி விளக்கு. வடமோடிக் கூத்தின் அரசர் கரப்புடுப்பு என்ற ஆட்ட உடையோடு சுழல்கிறார். மாலையிலும் முடியிலும் பதித்த கண்ணாடித் துண்டுகள் ஒளியைத் திருப்பி அடிக்கின்றன, பின்னணியோ கும்மிருட்டு. அவர் ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் ஒளிமானியின் வாசிப்பு மேலும் கீழுமாகப் பாய்கிறது. ஓட்டோவில் ஒரு படம் வெளுத்தும் அடுத்தது இருண்டும் வருவது இதனால். விளக்கு அதே இடத்தில் அதே அளவில் எரிகிறது, ஆட்டக்காரர் அதே களரிக்குள் நிற்கிறார். ஒளி மாறாதபோது எண்கள் மட்டும் ஏன் மாற வேண்டும்? எம் மோடில் பூட்டிவிடுங்கள். தொடக்கமாக எஃப்/4, 1/100, ஐ.எஸ்.ஓ. 3200, ஆட்டக்காரர் ஒருவரின் நெற்றியைப் பெரிதாக்கிப் பார்த்து ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி இறக்குங்கள்.

1/100 என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவான எல்இடியும் ட்யூப் லைட்டும் செக்கனுக்கு 100 முறை மங்கித் தெளிகின்றன, ஒரு துடிப்புக்கு 10 மில்லிசெக்கன். 1/100 திறந்திருந்தால் ஒரு முழுத் துடிப்பும் படத்துக்குள் வந்துவிடும். 1/250 என்றால் 4 மில்லிசெக்கன்தான்: துடிப்பின் உச்சத்தில் விழுந்த படம் பளிச்சென்றும், பள்ளத்தில் விழுந்தது மஞ்சளாக இருண்டும் வரும். ஷட்டர் சென்சாரை ஒரு பிளவாகக் கடந்து போகிற வேகங்களில் ஒரே படத்துக்குள் பட்டை பட்டையாகவும் விழும். ஓசையில்லாத மின்னணு ஷட்டரில் இது இன்னும் மோசம். சோதிக்க எளிய வழி, ஆட்டம் தொடங்குமுன் 1/250இல் தொடராகப் பத்துப் படம் எடுத்து ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிப் பார்ப்பது. கெனன் 7டி மார்க் 2 வந்த 2014க்குப் பிறகு, துடிப்பின் உச்சத்தைப் பார்த்து ஷட்டரைத் திறக்கும் வசதி பல கமராக்களில் மெனுவுக்குள் இருக்கிறது. இருந்தால் அதைப் போட்டுவிட்டு 1/250க்குத் தாராளமாகப் போகலாம்.

இல்லாதவர்கள் 1/100ஐ வைத்துக்கொண்டு தாளத்தைக் கேட்க வேண்டும். சுழற்சியின் நடுவில் அழுத்தினால் கால் இழுபடும். கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் மத்தளம் தாளத்தைத் தீர்க்கும் இடத்தில் ஆட்டக்காரர் காலை ஊன்றி ஒரு கணம் நிற்பார். சதங்கை அடங்கும் அந்தக் கணத்தில் 1/100 போதும். தூரத்தில் நின்று 18-55 லென்ஸை 55க்கு இழுக்காதீர்கள். அங்கே அதன் துவாரம் எஃப்/5.6க்கு மேல் விரியாது, 18இல் எஃப்/3.5 கிடைக்கும்; ஒரு ஸ்டொப்புக்கு மேல் லாபம். கிட்டப் போய் அகலமாக எடுங்கள். ஃபோகஸ் புள்ளியை நடுவில் ஒன்றாகச் சுருக்குங்கள், இல்லையென்றால் கமரா மிக அருகே இருக்கும் ஒலிவாங்கிக் கம்பத்தையோ முன்வரிசைத் தலையையோ பிடித்துக்கொள்ளும். ஓட்டோ நிறச் சமன் களரியின் இளஞ்சூட்டு நிறத்தை ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு அளவில் கழுவிவிடும். நிறச் சமனை எண்ணால் வைக்கும் கெல்வின் முறையில் 3500 அல்லது 4000 என்று நிறுத்திவிடலாம். சென்சாரின் பதிவை அப்படியே சேமிக்கும் ரோ (RAW) கோப்பாக எடுத்தால் பிறகும் மாற்ற முடியும். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், விடிய விடிய ஆடுகிறவரின் கண்ணில் அது அடிக்கக்கூடாது.

1924இல் திறந்த கல்லடிப் பழைய பாலத்தை இரவில் எடுப்பதும் எம் மோட் வேலைதான், ஆனால் எளிது. ட்ரைபொட்டைப் பாலத்தின்மேல் வைத்தால் அதிர்வு ஏறும், கரையில் வையுங்கள். எஃப்/8, ஐ.எஸ்.ஓ. 100, 10 செக்கனில் தொடங்கி நேரத்தை மட்டும் கூட்டிக் குறையுங்கள். 2 செக்கன் டைமர் போடுங்கள். லென்ஸில் நடுக்கத் தடுப்பு இருந்தால் அணையுங்கள்; அசையாத கமராவில் சில லென்ஸ்கள் இல்லாத நடுக்கத்தைத் தேடித் தாமே ஆடும்.

வீட்டுக்கு வந்ததும் பற்றரியைச் சார்ஜில் போடுமுன் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். திருத்தத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். பல கமராக்களில் அணைத்து எழுப்பினாலும் அந்த +1 அப்படியே இருக்கும். ஐ.எஸ்.ஓ. 3200ஐ இறக்குங்கள், நிறச் சமனை ஓட்டோவுக்கு மாற்றுங்கள், ஃபோகஸ் முறையைப் பாருங்கள். டயலில் சி1, சி2 அல்லது யு1, யு2 இருந்தால் களரிக்கான எண்களை ஒன்றிலும் வீச்சுவலைக்கான எண்களை மற்றதிலும் சேமித்துவிடலாம். விடிகாலை ஐந்தரைக்கு இருட்டில் மெனு தேடிக்கொண்டு நிற்க வேண்டியிராது.