காளானைக் கவிழ்த்துப் பாருங்கள்

மழைக்காலத்தில் காளான் தெரிந்தவர்களுடன் காட்டுப்பக்கம் நடந்தால் முதலில் சற்று ஏமாற்றமாக இருக்கும். "இது என்ன காளான்?" என்று கேட்டால் பெயர் வராது; உட்கார்ந்து தோண்டத் தொடங்கிவிடுவார்கள். குடையின் நிறத்தை நம்பிப் பெயர் சொல்வது ஆகாத காரியம். வெயிலில் அது வெளுக்கும், மழையில் மேற்செதில்கள் கழுவிக்கொண்டு போய்விடும்.

நம் ஊரில் குழப்பக்கூடிய இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று, பலரும் விரும்பி உண்ணும் புற்றுக்காளான். மற்றது புல்வெளியில் விரியும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ்; தின்றால் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும்தான். பெரிய வகைப் புற்றுக்காளானைத் தோண்டினால் தண்டு வேர்போல் இறங்கிக்கொண்டே போகும். அதன் முனை இருப்பது கறையான்கள் சருகை மென்று அமைத்த பூஞ்சைத் தோட்டத்தில். குடையின் நடுவில், மண்ணைக் குத்திக்கொண்டு வந்த கூரிய முகடு இருக்கும். மற்றதன் தண்டு அடியில் சற்றுப் பருத்து அத்தோடு நின்றுவிடும். மேலும் கீழும் நகரக்கூடிய வளையம் ஒன்றும் அதில் உண்டு. வெடுக்கென்று பிடுங்கினால் பாதிச் சாட்சி மண்ணிலேயே தங்கிவிடும்.

வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு, பூச்சி தின்றால் நல்லது என்பதெல்லாம் வெறும் கதை. அமானிட்டா ஃபல்லாய்ட்ஸ் என்ற ஐரோப்பிய நச்சுக்காளானை நத்தைகள் நலமாகத் தின்கின்றன. மனிதனுக்கோ அது கல்லீரலை அழிக்கும். வேகவைத்தாலும் நஞ்சு போகாது. அதன் அடையாளமும் அடியில்தான், மண்ணில் பாதி புதைந்த வெள்ளைப் பையாக.

அடுத்த சோதனை வித்துத்தூள், அதாவது காளான் இனம்பெருக்க உதிர்க்கும் நுண்பொடி. விரிந்த குடையைத் தண்டிலிருந்து வெட்டி, பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான தாளில் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி இரவு முழுக்க விடுங்கள். காலையில் குடையின் அடித்தகடுகள் அப்படியே அச்சாக விழுந்திருக்கும். புற்றுக்காளானுக்கு இளஞ்சிவப்பு, குளோரோஃபில்லத்துக்கு மங்கிய பச்சை. இளசில் இரண்டின் தகடுகளும் வெள்ளை என்பதால் இந்தச் சோதனைக்கு மதிப்பு அதிகம்.

வித்து சும்மா உதிர்வதில்லை, எறியப்படுகிறது. அதன் காம்பருகே காற்றின் ஈரம் நுண்துளியாகத் திரள்கிறது. வித்தின் மேல் படிந்த நீர்ப்படலத்தைத் துளி தொட்டதும் இரண்டும் சட்டென்று ஒன்றாகிவிடும்; அந்த உந்துதலில் வித்து தெறிக்கிறது. பாயும் தூரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கூடினால் எதிர்த் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். அளவோடு பாய்வதால் இரு தகடுகளுக்கு நடுவே காற்று அதை நிறுத்த, நேராகக் கீழே விழுகிறது. இதை ஆராய்ந்த பூஞ்சையியலாளர் ரெஜினால்ட் புல்லரின் பெயராலேயே 'புல்லர் துளி' என்கிறார்கள். ஈரம் இல்லாவிட்டால் துளியும் இல்லை, அச்சும் இல்லை. கிண்ணத்தால் மூடுவது அதற்காகத்தான். குடை வாடியிருந்தால் அதன் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு மூடுங்கள்.