ஏ.சி. ஓடினால் காற்று வருகிறது என்று யார் சொன்னது?

கடந்த மாதம் பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு மென்பொருள் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். மூன்று மணிக்கு மேல் எல்லோருக்கும் தலைவலி, ஒருவர் இருமினால் அடுத்த வாரம் வரிசையே இருமுகிறது, ஏ.சி.யைப் பார்த்துக் கொடுங்கள் என்று அழைத்திருந்தார்கள். ஏ.சி.யில் ஒரு குறையும் இல்லை. 23 டிகிரி, சொன்ன பேச்சு கேட்கிறது. ஏ.எச்.யு. (மாடி முழுவதற்கும் காற்றைக் குளிரவைத்து அனுப்பும் இயந்திரம்) அறையின் பின்சுவரில் வெளிக்காற்று நுழையும் ஜன்னல் இருக்கிறதே, அங்கேதான் விஷயம். தெர்மோகோல் அட்டை வைத்து, பழுப்பு பேக்கிங் டேப்பால் நான்கு பக்கமும் ஒட்டியிருந்தார்கள். டேப்பின் மேல் தூசி படிந்து விரலால் பெயர் எழுதலாம் போல இருந்தது. மின்கட்டணம் ஏறியபோது செய்த ஏற்பாடாம்.

இந்த ஆண்டு நான் பார்க்கும் ஐந்தாவது தெர்மோகோல் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த அலுவலகத்தின் வாசலில் காலால் மிதிக்கும் சானிடைசர் ஸ்டாண்டு இன்னும் நிற்கிறது, உள்ளே சொட்டு இல்லை. தரையில் மஞ்சள் வட்டங்கள் பாதி உரிந்து கிடக்கின்றன. மேசைகளுக்கு நடுவே அக்ரிலிக் தடுப்பு. 2020இல் கைக்குக் கிடைத்ததை எல்லாம் செய்தோம், குறை சொல்லவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிகிறவற்றை எல்லாம் வாங்கி வைத்துவிட்டு, தெரியாத காற்றை மட்டும் அடைத்து வைத்தால் எப்படி?

ஒன்றைத் தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் ஸ்பிளிட் ஏ.சி. வெளியிலிருந்து ஒரு மூச்சுக் காற்றைக்கூடக் கொண்டுவராது. வெளியே சுற்றுகிற விசிறி அறையின் சூட்டைத்தான் தள்ளுகிறது. சுவரைத் துளைத்துப் போகும் செம்புக்குழாயில் ஓடுவது குளிர்வாயு. அறைக்காற்று அறைக்குள்ளேயேதான் சுற்றுகிறது. இட்லிப் பானையைத் திறக்காமல் அடுப்பை அணைத்தால் உள்ளே ஆறும், ஆனால் ஆவி எங்கே போகும்? ஏ.சி. ஓடும் மூடிய அறையும் அப்படித்தான். ஜில்லென்று இருப்பதற்கும் காற்று நல்லதாக இருப்பதற்கும் தொடர்பே இல்லை. படித்தவர்களிடமே இதை வாரத்துக்கு மூன்று முறை சொல்கிறேன். தலையாட்டிவிட்டு, அப்படியானால் இன்னும் இரண்டு டன் கூட்டிவிடலாமா என்று கேட்கிறார்கள்!

அன்று கையில் கார்பன்-டை-ஆக்சைடு மீட்டர் இருந்தது. வெளியே மொட்டை மாடியில் 430 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 430 பங்கு. ஒன்பது பேர் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்த கூட்ட அறையில் 2,640. இந்த வாயு கிருமி அல்ல. ஆனால் அடுத்தவர் விட்ட மூச்சு அறையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதற்கு அதைவிட எளிய கணக்கு கிடையாது. ஆயிரத்தைத் தாண்டினாலே நான் முகம் சுளிப்பேன்.

2020 மார்ச்சில் தென்கொரியத் தலைநகர் சியோலில் ஒரு கால் சென்டரில் நடந்ததை எங்கள் தொழிலில் அடிக்கடி சொல்வோம். பதினோராவது மாடியில் வேலை செய்த 216 பேரில் 94 பேருக்குத் தொற்று. பெரும்பாலோர் மாடியின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். அதே லிஃப்டையும் முகப்புக் கூடத்தையும் பயன்படுத்திய மற்றவர்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்கே வந்தது. லிஃப்ட் பொத்தானைப் பல்குச்சியால் அழுத்திய நாம், எட்டு மணி நேரம் ஒரே காற்றில் உட்கார்ந்து பேசுவதைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படவில்லை.

பெருந்தொற்றுக்குப் பின் அலுவலகங்கள் மாறியிருக்கும் விதம் இதை இன்னும் மோசமாக்குகிறது. வாரத்தில் மூன்று நாள் வந்தால் போதும் என்றதும் நிறுவனங்கள் ஒரு மாடியைக் காலி செய்துவிட்டன. சரி. ஆனால் அந்த மூன்று நாளும் எல்லோருக்கும் செவ்வாய், புதன், வியாழன்! எண்பது பேருக்குக் கணக்குப் போட்ட காற்றில் நூற்று இருபது பேர். அடுத்தது, வீடியோ அழைப்புக்கென்று முளைத்திருக்கும் கண்ணாடிக் கூண்டுகள். உள்ளலங்காரக்காரர் கண்ணாடியைத் தரையிலிருந்து சீலிங் வரை நிறுத்திவிட்டுப் போய்விடுவார். குளிர்காற்று உள்ளே வர ஒரு டிஃப்யூசர் (காற்றைப் பரப்பிவிடும் துவாரம்) இருக்கும், காற்று திரும்பிப் போக வழியே இருக்காது. சில கூண்டுகளில் அந்த டிஃப்யூசரும் இல்லை. மேசை விளக்கு, செடி, பஞ்சு ஒட்டிய சுவர் எல்லாம் உண்டு. (வரைபடத்தை ஒரு முறை எங்களிடம் காட்டினால் என்ன என்று கேட்டு எனக்கு வாய் வலிக்கிறது.)

என்ன செய்யலாம்? முதலில் தெர்மோகோலைப் பிய்த்துப் போடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு, ஆளுக்கு விநாடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று. உங்கள் மாடிக்கு அது வருகிறதா என்று பராமரிப்பு ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். "வருகிறது சார்" என்ற வாய்ப்பேச்சு செல்லாது. ஃபில்டரைக் கழுவுவது வேறு, மாற்றுவது வேறு, மாற்றுங்கள். மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் ஸ்பிளிட் ஏ.சி. வைத்து நடக்கும் தணிக்கையாளர் அலுவலகமா? ஒரு ஜன்னலில் எக்ஸாஸ்ட் விசிறி வையுங்கள், எதிர்ப்பக்க ஜன்னலை நான்கு விரல் திறந்து வையுங்கள். சாப்பாட்டு நேரத்தில் ஏ.சி.யை நிறுத்திக் கதவு ஜன்னலை முழுவதும் திறங்கள். ஹெபா ஃபில்டர் உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் நுண்துளிகளைப் பிடிக்கும், வாங்கலாம். ஆனால் அது புதுக்காற்று தராது. அயனி, பிளாஸ்மா என்று நீல விளக்கு எரியும் பெட்டியை விற்க வருபவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

செலவாகுமா என்றால் ஆகும். சென்னையில் வெளிக்காற்று என்றால் சூடும் ஈரப்பதமும் சேர்ந்தே வரும், இயந்திரம் கூடுதலாக உழைக்கும். நான் மறைக்கவில்லை. வெப்பநிலையை 23இலிருந்து 25க்கு வைத்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வரும் என்று அந்த மேலாளரிடம் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். நான் கிளம்பும்போது எலக்ட்ரீஷியன் தம்பி தானாகவே ஏணி போட்டு டேப்பை உரித்துவிட்டார். அட்டை விழுந்த பக்கமிருந்து கீழே வறுத்துக்கொண்டிருந்த வேர்க்கடலை வாசனை வந்தது.