டிரைவர்: சாரதியா, செலுத்தியா, இயக்கியா?

ஹட்டன், பதுளை, பண்டாரவளைப் பக்கம் கணினி திருத்தும் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், டிரைவர் என்ற சொல் காதில் விழுந்துவிடும். "பிரிண்டருக்கு டிரைவர் போடணும்", "சவுண்ட் டிரைவர் இல்லை", "கிராபிக்ஸ் டிரைவர் பழசு". கடைக்கு வெளியே அதே சொல்லுக்கு ஆள் வேறு: தோட்டத்து லொறி டிரைவர், பஸ் டிரைவர், கோச்சி எஞ்சின் டிரைவர். இந்த இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. குழப்பம் கணினிக்குள்ளேதான். கிராபிக்ஸ் கார்டோடு சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் டிரைவர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கேம் விளையாட அந்தப் பழக்கம் போதும். பழைய கணிப்பு மென்பொருள் ஒன்றைப் புதிய பணிசெயல் முறைமையில் (ஆபரேட்டிங் சிஸ்டத்தில்) நிறுவ உட்காரும் மாணவருக்குப் போதாது. அவருடைய இரவுகள் வீணாவதற்கு இந்த ஒரு சொல்லே காரணமாகலாம் என்பதால் இதை விரிவாகப் பார்ப்போம்.

கணினியில் டிரைவர் என்பது பணிசெயல் முறைமைக்கும் ஒரு வன்பொருளுக்கும் நடுவில் நிற்கும் மென்பொருள். "இந்தப் பக்கத்தை அச்சிடு", "இந்த எண்களைப் பெருக்கு" என்று பொதுவாக வரும் வேண்டுகோளை, அந்தக் குறிப்பிட்ட கருவிக்கு விளங்கும் கட்டளைகளாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. அதனால் கருவி மாறினால் டிரைவரும் மாறவேண்டும். டிரைவரின் ஒரு பகுதி பணிசெயல் முறைமையின் நடுக்கருவான கெர்னலோடு பிணைந்து ஓடுவதால், கெர்னல் மாறும்போதும் பழைய டிரைவர் செயலிழந்து போகலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

சொல்லின் பிறப்பு மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில். ஆங்கிலத்தில் 'டிரைவ்' என்ற வினைக்கு மூலப்பொருள் பின்னால் நின்று விரட்டிக்கொண்டு போவது. நம் ஊரில் மாட்டைப் பத்திக்கொண்டு போகிறான் என்போமே, அதுதான். ஜெர்மன் மொழியின் 'ட்ரைபன்' இதே வேரிலிருந்து வந்தது. மந்தையைப் பத்துகிறவருக்குச் சொன்ன சொல் வண்டி ஓட்டுகிறவருக்கு வந்தது, பிறகு மோட்டார் ஓட்டுகிறவருக்கு. ஆளிலிருந்து இயந்திரத்துக்கும் போனது: ஒரு சக்கரம் இன்னொரு சக்கரத்தைச் சுழற்றினால், சுழற்றுவது டிரைவர். பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில் ஒரே எஞ்சின் மேலே போகும் நீண்ட தண்டைச் சுழற்றும். தண்டிலுள்ள சக்கரத்திலிருந்து வார்ப்பட்டி இறங்கிக் கொழுந்து உருட்டும் ரோலரைச் சுழற்றும். எஞ்சின் ஒன்றுதான், ரோலர் வேறு. நடுவே அசைவைக் கொண்டுசேர்க்கும் சக்கரமும் பட்டியும் அந்தந்த ரோலருக்குத் தக்க அளவில் இருக்கவேண்டும். கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டது இந்த இயந்திரப் பொருளைத்தான். ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஆளை அவர்கள் நினைக்கவில்லை.

மற்ற மொழிகள் என்ன செய்தன? ஜெர்மானியர் தங்கள் 'ட்ரைபர்' என்ற சொல்லையே வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர் 'பிலோட்' என்கிறார்கள். கப்பலுக்கும் விமானத்துக்கும் வழிகாட்டுகிறவர் பெயர் அது. ஆளைக் குறிக்கும் சொல்லைக் கருவிக்கும் ஏற்றிச் சொல்வது அவர்களுக்கு இயல்பாக வந்துவிட்டது. தமிழில் அப்படி வராது. நம் மொழி ஆளுக்கும் பொருளுக்கும் நடுவே திணைக் கோடு போட்டுவைத்திருக்கிறது.

சரி, தமிழில் என்னென்ன இருக்கின்றன?

இலங்கையில் வாகனம் ஓட்டுகிறவருக்கு எழுத்துவழக்கில் சாரதி என்று பெயர். சாரதி அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த சொல். சமஸ்கிருதத்திலிருந்து வந்தது, ரதத்தோடு இருப்பவர் என்ற கருத்து அதற்குள் கிடக்கிறது. சிங்களத்தில் பஸ்ஸில் படிக்கும் 'ரியதுரு' என்ற சொல்லிலும் முதல் பாதி ரதம்தான். தமிழ்நாட்டில் ஓட்டுநர். ஓடு என்பதன் பிறவினை ஓட்டு. அதோடு நர் சேர்ந்தால் ஆள். சங்கத் தமிழில் தேர் ஓட்டுகிறவனுக்கு வலவன் என்று பெயர். "வலவன் ஏவா வான ஊர்தி" என்று புறநானூற்றின் 27ஆம் பாட்டு சொல்கிறது: ஓட்டுகிறவன் இல்லாமலே வானில் செல்லும் ஊர்தி. அழகான சொல், ஆனாலும் ஆள் பெயர். இவை மூன்றையும் மென்பொருளுக்கு வைக்க முடியாது. "பிரிண்டர் சாரதி" என்று எழுதினால் படிக்கிறவர் ஒரு மனிதரைத் தேடுவார்.

அடுத்தது செலுத்தி. செல் என்பதன் பிறவினை செலுத்து. "வாகனத்தைச் செலுத்திய சாரதி" என்று நம் பத்திரிகைகள் அன்றாடம் எழுதுவதால் இலங்கை வாசகருக்கு இது நெருக்கமான சொல். நானும் அதை ஒதுக்க விரும்பவில்லை. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. பணம் செலுத்துவது, கவனம் செலுத்துவது, ஊசிமருந்து செலுத்துவது என்று ஒன்றை ஓர் இடத்துக்கு அனுப்பும் பொருள் அதில் மேலோங்கி நிற்கிறது. டிரைவர் கட்டளையை அனுப்புவதோடு நிற்பதில்லை, கருவியை வேலை செய்யவும் வைக்கிறது.

வேலை செய்ய வைப்பதற்குத் தமிழில் இருக்கும் வினை இயக்கு. இறங்கு – இறக்கு, அடங்கு – அடக்கு என்பது போல இயங்கு – இயக்கு. தானே அசைவது இயங்குவது, மற்றொன்றை அசைய வைப்பது இயக்குவது. பழைய இலக்கியத்தில் இயங்குதல் என்றால் நடமாடுதல். இயவு என்றால் வழி. இயக்கு என்பதோடு இகரம் சேர்ந்தால் இயக்கி. மண்வெட்டி, பாக்குவெட்டி, தேங்காய் துருவி, விசிறி எல்லாம் இப்படிப் பிறந்த கருவிப் பெயர்கள்தான். தோட்டத்தில் மண்வெட்டி பிடித்த கைக்கு இந்த இலக்கணத்தை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆளாக இருந்தால் இயக்குநர், கருவியாக இருந்தால் இயக்கி; குழப்பமே இல்லை. தமிழ்நாட்டுக் கணினி எழுத்தில் இந்தச் சொல் ஏற்கெனவே பரவிவிட்டது. என் தீர்ப்பும் இயக்கிதான். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் சாதன இயக்கி.

ஒரு மறுப்பு வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். இயக்கி என்றால் யட்சி அல்லவா? ஆமாம். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மாதரி பாற்சோறு படைத்து வணங்குவது பூங்கண் இயக்கியை. தென்தமிழ்நாட்டின் இசக்கி அம்மனும் அந்த இயக்கிதான். நம் பள்ளி வரலாற்றுப் புத்தகத்தில் இயக்கர், நாகர் என்று படித்தோமே, குவேனி அந்த இயக்கர் குலத்துப் பெண். இந்த இயக்கி வடமொழி யக்ஷி தமிழ் உருவம் பெற்றது. கருவிப்பெயரான இயக்கி தமிழ் வினையில் பிறந்தது. உருவம் ஒன்று, வேர் இரண்டு. இடம் பார்த்துப் பொருள் கொள்வது நமக்குப் பழக்கமான வேலை, ஒரு 'திங்கள்' மாதமாகவும் நிலாவாகவும் கிழமையாகவும் இருக்கவில்லையா? அதனால் மறுப்புக்காக நல்ல சொல்லை விடத் தேவையில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். சொல்லைச் சரியாகப் பிடித்தால் என்ன பயன் என்பது இங்கேதான் தெரியும்.

தேயிலைக் கொழுந்தைப் படம் எடுத்து, கொப்புள நோய் பிடித்த இலையைக் கணினியே கண்டுபிடிக்க வைக்கும் ஒரு செயற்றிட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பு ஒருவர் எழுதிய செய்நிரல் கையில் இருக்கிறது. அது டென்சர்ஃப்ளோ என்ற இயந்திரக் கற்றல் மென்பொருளின் 1.15 பதிப்பில் ஓடுவது. அந்தப் பதிப்புக்கு, கிராபிக்ஸ் சிப் நிறுவனமான என்விடியாவின் கூடா 10.0 வேண்டும். (ஆங்கில உச்சரிப்பைத் தமிழில் எழுதினால் இப்படித்தான் வருகிறது, கூடாத ஒன்று என்று பொருள் கொள்ளவேண்டாம்.) கூடா என்பது கிராபிக்ஸ் கார்டைப் பொதுக் கணிப்புக்குப் பயன்படுத்த என்விடியா உருவாக்கிய தளம், 2006இல் அறிவித்து 2007இல் வெளியிட்டார்கள். 10.0 வெளிவந்தது 2018இல். அது உபுண்டு என்ற பணிசெயல் முறைமையின் 16.04, 18.04 பதிப்புகளின் காலத்துக்கு ஏற்றது. மாணவரின் கணினியிலோ உபுண்டு 20.04, அல்லது இன்னும் புதியது.

"கூடா டிரைவர் போடணும்" என்று தேடுகிறவர், ஏறத்தாழ 2 ஜிபி அளவுள்ள நிறுவல் கோப்பை இறக்குகிறார். லயத்து வீட்டில் போன் டேட்டாவில் இறக்குவது என்றால் அது சின்ன விஷயமில்லை. ஓடவிட்டதும் முதலில் வரும் முக்கியமான கேள்வி: 410.48 இயக்கியை நிறுவவா? எல்லாமே டிரைவர் என்று நினைத்திருப்பவர் ஆமாம் என்று சொல்லிவிடுகிறார். ஏற்கெனவே நன்றாக இயங்கிய புதிய இயக்கியை அகற்றிவிட்டு, 2018இன் இயக்கியைப் புதிய கெர்னலோடு பிணைக்க முயன்றால் அது தொகுக்கப்படாமல் (கணினிக்கு விளங்கும் வடிவுக்கு மாற்றப்படாமல்) தோல்வியடையும். பிறகு திரை கறுப்பு. அங்கிருந்து முழுமையாக மீண்டும் நிறுவுவதுதான் என்று பலர் நினைக்கிறார்கள்.

உண்மையில் அந்தக் கோப்புக்குள் இருப்பவை வெவ்வேறு பொருட்கள். ஒன்று இயக்கி. அதன் ஒரு பகுதி கெர்னலுக்குள் போகிறது, இன்னொரு பகுதி லிப்கூடா என்ற நூலகமாக (மற்றச் செய்நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பாக) வெளியே நிற்கிறது. மற்றது கூடா டூல்கிட். இதைக் கருவித்தொகுதி என்று சொல்லலாம். என்விசிசி என்ற தொகுப்பான், கணித நூலகங்கள், செய்நிரல் ஓடும்போது தேவைப்படும் கூடா-ஆர்டி நூலகம் எல்லாம் கருவித்தொகுதியைச் சேர்ந்தவை. டென்சர்ஃப்ளோ 10.0தான் வேண்டும் என்று அடம்பிடிப்பது கருவித்தொகுதியைப் பற்றி மட்டுமே. இயக்கியைப் பொறுத்தவரை விதி வேறு: புதிய இயக்கி பழைய கருவித்தொகுதியை ஏற்கும், பழைய இயக்கி புதிய கருவித்தொகுதியைப் பொதுவாக ஏற்காது. ஆகவே இயக்கியை உபுண்டு தரும் புதிய பதிப்பிலேயே விட்டுவிட்டு, 410.48 கேள்விக்கு இல்லை என்று சொல்லி, கருவித்தொகுதிக்கு மட்டும் ஆமாம் சொல்லவேண்டும். கடைசியில் நிறுவல் முழுமையடையவில்லை, இயக்கி நிறுவப்படவில்லை என்று ஓர் எச்சரிக்கை வரும். போதுமான அளவு புதிய இயக்கி ஏற்கெனவே இருந்தால் அதைப் பார்த்துப் பயப்படவேண்டியதில்லை. கருவித்தொகுதி தன் பதிப்பெண்ணோடு தனி அடைவில் உட்காரும் என்பதால், 10.0உம் 11.8உம் ஒரே கணினியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். ஓர் இயக்கி, பல கருவித்தொகுதிகள்.

இதே குழப்பம் வேறு இடத்திலும் தலைகாட்டும். இயக்கியின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையை அடித்தால் மேலே வலப்பக்கம் கூடா 12 என்று ஏதோ எண் தெரியும். "நான் 10.0 போட்டேனே, ஏன் 12 காட்டுகிறது?" என்ற கேள்வி ஓயாமல் வருகிறது. அந்த எண் இயக்கி எந்தக் கூடா பதிப்பு வரைக்கும் தாங்கும் என்பதைச் சொல்கிறது. நிறுவிய கருவித்தொகுதியின் பதிப்பை என்விசிசியிடம் கேட்கவேண்டும். இரண்டு எண்ணும் வேறாக இருப்பதே இயல்பு.

தொகுப்பான் விஷயத்தையும் சொல்லவேண்டும், அது டிரைவர் கணக்கில் வராதது என்றாலும். கூடா 10.0, ஜிசிசி என்ற தொகுப்பானின் 7ஆம் பதிப்பு வரைக்கும்தான் ஏற்கும். உபுண்டு 20.04இல் இயல்பாக வருவது 9, 22.04இல் 11. ஆயத்தமாக வரும் டென்சர்ஃப்ளோவை ஓட்டுவது மட்டும் என்றால் இது தடை இல்லை. சொந்தமாகக் கூடா செய்நிரல் தொகுக்கிறவருக்கு "இந்தப் பதிப்பு ஏற்கப்படவில்லை" என்ற பிழை வரும். 20.04இன் மென்பொருள் களஞ்சியத்தில் ஜிசிசி 7 கிடைக்கிறது, அதை நிறுவி என்விசிசிக்குக் காட்டினால் சரி. இந்தப் பிழைக்கு இயக்கியை மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. டிரைவர் என்ற ஒரே பெட்டிக்குள் எல்லாவற்றையும் போட்டதன் விளைவு அது.

உபுண்டு 22.04, 24.04 என்று இடைவெளி கூடினால் டொக்கர் கொள்கலன்தான் (மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு தனியாக அடைத்து ஓட்டும் ஏற்பாடு) நல்ல வழி. பழைய உபுண்டுவும் பழைய கருவித்தொகுதியும் கொள்கலனுக்குள் இருக்கும். இயக்கி மட்டும் வெளியே, கணினியின் சொந்தக் கெர்னலோடு இருக்கும். என்விடியாவே கொள்கலனுக்குள் இயக்கியை வைப்பதில்லை, வெளியில் இருப்பதை உள்ளே பகிர்ந்து கொடுக்கிறது. இயக்கி எது, கருவித்தொகுதி எது என்ற கோட்டை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஏற்பாடு வேறில்லை.

கார்டும் பழசு என்றால் இன்னொரு கணக்கு பார்க்கவேண்டும். புதிய இயக்கி பழைய கருவித்தொகுதியை ஏற்கும், ஆனால் எல்லாப் பழைய கார்டையும் ஏற்காது. கெப்லர் தலைமுறைக் கார்டுகளுக்கு 470 வரிசையும், அதற்கும் முந்திய ஃபெர்மி கார்டுகளுக்கு 390 வரிசையும் கடைசி. என்விடியா இயக்கியே இல்லாமல் உபுண்டு தானாக எடுத்துக்கொள்ளும் 'நூவோ' என்ற திறந்த இயக்கியும் உண்டு. பிரெஞ்சில் அதற்குப் 'புதியது' என்று பொருள். அது படத்தைத் திரையில் காட்டும், கூடாவை ஓட்டாது.

எழுதும்போது: இயக்கியை நிறுவு, இயக்கிப் பதிப்பு, அச்சுப்பொறி இயக்கி, கெர்னல் இயக்கி. பேசும்போது டிரைவர் என்றே சொல்லிக்கொள்ளலாம், கருவித்தொகுதியையும் தொகுப்பானையும் அந்தப் பெயரால் அழைக்காதவரை. வீதியில் போகிறவர் சாரதியாகவே இருக்கட்டும்.