வேரில்லாமல் விழும் பல்

குழந்தைக்கு முதல் பல் விழுந்ததும் அதை வாங்கித் திருப்பிப் பார்க்கும் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு சந்தேகம் வரும்: வேர் எங்கே? மேலே வெள்ளையாகச் சின்னதாய் ஒரு மூடி, அடிப்பக்கம் லேசான குழிவு, சொரசொரப்பான ஓரம், நடுவில் செக்கச்செவேலென்று ஒரு துணுக்குச் சதை. அவ்வளவுதான் இருக்கும். பல் முறிந்து, வேர் உள்ளேயே தங்கிவிட்டதோ என்று ஈற்றை விலக்கித் தேடுபவர்களும் உண்டு. எதுவும் முறியவில்லை. கீழ் முன்பல்லின் வெளியே தெரியும் பகுதி ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். எலும்புக்குள் அதற்கு 9 மில்லிமீட்டர் அளவுக்கு வேர் இருந்தது. அந்த வேரை உடலே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொண்டுவிட்டது.

அடியிலிருந்து வரும் புதுப்பல் பழையதை முட்டித் தள்ளுகிறது என்று சொல்வது வழக்கம். அது சரியான விளக்கமில்லை. தள்ளுவதுதான் காரணமென்றால் பால் பல் வேரோடு வெளியே வரவேண்டும். நடப்பது கரைப்பு வேலை.

தாடை எலும்புக்குள் உருவாகும் ஒவ்வொரு நிலைப்பல்லும் மெல்லிய திசுப்பை ஒன்றுக்குள் இருக்கிறது. பல்லின் தலைப்பகுதி முழுமையாகி, வேர் வளரத் தொடங்கும் சமயத்தில் அந்தப் பை வேதிச் சமிக்ஞைகளைச் சுரக்கிறது. அதைக் கேட்டு இரத்தத்திலிருந்து ஒருவகை வெள்ளையணுக்கள் வந்து கூடுகின்றன. அவை பலவாகச் சேர்ந்து ஒரே பேரணுவாக இணைகின்றன. ஒரு பேரணுவுக்குள் பல உட்கருக்கள் இருக்கும். எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் அணுக்களும் இப்படி உருவாகிறவைதான். பல்லில் வேலை செய்யும்போது இவற்றுக்கு ஒடான்டோகிளாஸ்ட் என்று பெயர். பேரணு வேரின்மேல் ஒட்டி உட்கார்ந்து, தன் விளிம்பால் சுற்றிலும் அடைத்துக்கொண்டு, அடியில் அமிலத்தைச் சுரக்கும். அமிலம் வேரிலுள்ள கால்சியம், பாஸ்பேட் தாதுக்களைக் கரைக்கும். மிஞ்சி நிற்கும் கொலாஜன் இழைகளை நொதிகள் வெட்டும். ஒரு குழி முடிந்ததும் பேரணு நகர்ந்து அடுத்த குழியைத் தோண்டும். விழுந்த பல்லின் ஓரத்தில் விரலை வைத்தால் தட்டுப்படும் சொரசொரப்பு இந்தக் குழிகளின் விளிம்புதான்.

இந்த வேலை ஒரே சீராக நடப்பதில்லை. சில காலம் கரைப்பு, பிறகு ஓய்வு. ஓய்வுக் காலத்தில் தோண்டிய குழிகளின்மேல் புதிதாகப் படலம் படிந்து, பல்லை எலும்போடு பிணைக்கும் நார்கள் ஓரளவு மீண்டும் ஒட்டிக்கொள்ளும். போன வாரம் நன்றாக ஆடிய பல் இந்த வாரம் கெட்டியாக நிற்பதற்குக் காரணம் இதுதான். குழந்தை பொய் சொல்லவில்லை. மொத்தத்தில் கரைப்புதான் மிஞ்சும் என்பதால் கடைசியில் பல் விழுந்தே தீரும். மெல்லும்போது ஏற்படும் அழுத்தமும் கரைப்பை முடுக்கிவிடுகிறது.

கீழ் முன்பற்களில் இந்த வேலை 4, 5 வயதிலேயே தொடங்கிவிடும், வெளியே யாருக்கும் தெரியாமல். வேரில் பெரும்பகுதி போன பிறகுதான் ஆட்டம் தெரியும். கடைசி நாட்களில் பல் ஈற்றுச் சதையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். அதற்குள் அதன் அடியில் ஈற்றுத்தோல் பெரும்பாலும் மூடியிருக்கும். அதனால்தான் இரத்தமும் வலியும் அவ்வளவு குறைவு. இரத்தம் கசிந்தால் சுத்தமான பருத்தித் துணியை மடித்து 10 நிமிடம் கடிக்கச் சொன்னால் போதும். நிமிடத்துக்கு ஒருமுறை துணியை எடுத்துப் பார்ப்பதும், வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளிப்பதும் உறைந்த இரத்தத்தைக் கலைத்துவிடும்.

ஆடும் பல்லைக் குழந்தையே நாக்காலும் சுத்தமான விரலாலும் ஆட்டட்டும். நூல் கட்டி இழுப்பதில் சிக்கல் என்னவென்றால், வேர் இன்னும் மிச்சமிருந்தால் வலியும் இரத்தமும் கூடும், மிஞ்சிய வேர் முறிந்து தங்கவும் கூடும். எல்லாப் பக்கமும் சாய்ந்து, நூலிழையில் தொங்கும் பல்லை மட்டும் துணியால் பிடித்து ஒரு திருகு திருகி எடுக்கலாம். சாப்பிடும்போது விழுங்கிவிட்டால் கவலையில்லை, மலத்தோடு போய்விடும். ஆனால் பல் காணாமல் போன கையோடு இருமலோ மூச்சில் இழுப்போ தொடங்கினால் அது மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

எது முதலில், எது பிறகு

பால் பற்கள் 20. கீழ் நடு முன்பற்கள் இரண்டும் 6 வயதை ஒட்டி விழும். அடுத்து மேல் நடுப்பற்கள், பிறகு பக்கத்து முன்பற்கள் என்று 8 வயதுக்குள் முன்வரிசை எட்டும் மாறிவிடும். அதன்பின் ஓரிரு வருடம் எதுவும் நடக்காது. ஏதோ நின்றுபோய்விட்டது என்று பயப்படவேண்டியதில்லை. கோரைப்பற்களும் பால் கடைவாய்ப்பற்களும் 9 முதல் 12 வயதுக்குள் விழும். பெண் குழந்தைகளுக்குச் சற்று முன்னால், ஆண் குழந்தைகளுக்குச் சற்றுப் பின்னால். பால் பல் சீக்கிரம் முளைத்த குழந்தைக்குப் பெரும்பாலும் சீக்கிரம் விழும். ஒரு வருடம் முன்பின் ஆவது இயல்பு. இடமும் வலமும் சேர்ந்து மாறுகின்றனவா என்பதையே பல் மருத்துவர்கள் அதிகம் கவனிக்கிறார்கள். ஒரு பக்கம் புதுப்பல் முளைத்து ஆறு மாதம் ஆகியும் மறுபக்கம் அசைவே இல்லையென்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது.

அடிபடாமலே 4, 5 வயதுக்கு முன் முழு வேரோடு பல் விழுந்தால் அது வேறு விஷயம். ஹைப்போஃபாஸ்பட்டேசியா போன்ற அபூர்வமான எலும்புத் தாதுக் குறைபாடுகள் அப்படித்தான் முதலில் தலைகாட்டும். விழுந்த பல்லையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகவேண்டும்.

கீழ்வரிசையில் பால் பல் இருக்கும்போதே அதன் பின்னால் நாக்குப் பக்கம் புதுப்பல் எட்டிப் பார்ப்பது பெற்றோரை மிகவும் கலங்கடிக்கும் காட்சி. அதற்கும் விளக்கம் எலும்புக்குள் இருக்கிறது. நிலை முன்பற்கள் பால் பல்லுக்கு நேர் அடியில் உருவாவதில்லை. சற்று உட்பக்கமாக, நாக்கை ஒட்டியே உருவாகின்றன. கரைப்பும் வேரின் உட்பக்கத்தில்தான் தொடங்கும். புதுப்பல் கொஞ்சம் அதிகமாகவே பின்வாங்கி வந்தால் வேரின் வெளிப்பக்கம் கரையாமல் நின்றுவிடும், பால் பல்லும் நிற்கும். பால் பல் ஆடிக்கொண்டிருந்தால் காத்திருக்கலாம். அது விழுந்ததும் நாக்கு அழுத்தும் அழுத்தத்தில் புதுப்பல் சில மாதங்களில் தானாக முன்னால் வந்துவிடும், இடம் மட்டும் இருக்கவேண்டும். புதுப்பல் பாதி உயரம் வந்தும் பால் பல் துளியும் அசையவில்லையென்றால் அதை எடுக்கவேண்டியிருக்கும். மேல்வரிசையில் இப்படி நடந்தால் இவ்வளவு பொறுமை கூடாது. மேல் முன்பல் உள்பக்கமாக முளைத்துக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் தானாக வெளியே வராது.

வந்த பல் மஞ்சளாக இருக்கிறதே, நுனி ரம்பம் போல இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. நிலைப்பல்லில் எனாமலுக்கு அடியிலுள்ள மஞ்சள் நிற டென்டைன் தடிமன் அதிகம். பக்கத்தில் நிற்கும் பால் பற்களின் பால் வெண்மையோடு ஒப்பிடும்போது அது இன்னும் தூக்கலாகத் தெரியும். அழுத்தித் தேய்த்தால் போகாது, ஈறுதான் புண்ணாகும். நுனியிலுள்ள மூன்று மொட்டுகள் பல் மூன்று மடல்களாக வளர்ந்து இணைந்ததன் அடையாளம். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் உரசிக்கொள்ளத் தொடங்கியதும் தேய்ந்துவிடும்.

இடக் கணக்கு

மேல் நடுவிலுள்ள பால் பல்லின் அகலம் சுமார் 6.5 மி.மீ. அதன் இடத்துக்கு வரும் நிலைப்பல் சுமார் 8.5 மி.மீ. நான்கு மேல் முன்பற்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 7 மி.மீ. பற்றாக்குறை. பால் பற்களுக்கிடையே உள்ள இடைவெளிகள் இந்தக் கடனில் ஒரு பங்கை அடைக்கின்றன. தாடை அகலமாவதும், புதுப்பற்கள் சற்று வெளிப்பக்கம் சாய்ந்து முளைப்பதும் மீதியை. ஆகவே நான்கு வயதுக் குழந்தையின் பற்கள் சந்து சந்தாக இருந்தால் நல்லதுதான். இடைவெளியே இல்லாமல் அழகாக நெருங்கி நிற்கும் பால் பற்கள்தான் பிற்பாடு நெருக்கடி தரும்.

பின்வரிசையில் கணக்கு தலைகீழ். பால் கடைவாய்ப்பற்கள் தங்கள் இடத்துக்கு வரப்போகும் முன்கடைவாய்ப்பற்களைவிட அகலமானவை. கோரைப்பல்லையும் சேர்த்தால் கீழ்த்தாடையில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 1.7 மி.மீ., மேல்தாடையில் 0.9 மி.மீ. மிச்சம். இந்த மிச்சம் முன்பற்களுக்குப் போகிறதா, பின்னாலுள்ள பெரிய கடைவாய்ப்பல்லுக்குப் போகிறதா என்பதில்தான் வரிசையின் ஒழுங்கு இருக்கிறது.

மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே 8 வயதில் தோன்றும் சந்தும் பெரும்பாலும் தானாகச் சரியாகும். மேலே எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் கோரைப்பற்கள் பக்கத்துப் பல்லின் வேரை அழுத்துவதால் முன்பற்கள் விசிறிபோல விரிகின்றன. 11, 12 வயதில் கோரைப்பல் முளைத்து இறங்கியதும் இடைவெளி பெரும்பாலும் மூடிக்கொள்ளும். அதற்கு முன் அவசரப்பட்டுக் கம்பி கட்டினால் முன்பல்லின் வேர் கோரைப்பல்லின்மேல் மோதிக் கரையும் ஆபத்து உண்டு.

யாரும் கவனிக்காத பல்

முதல் பல் விழுந்ததைக் கொண்டாடும் வீட்டில், அதே 6 வயதில் வாயின் கோடியில் நடக்கும் இன்னொரு வரவு அநேகமாகத் தெரியாமலே போகிறது. கடைசிப் பால் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமல், புதிதாக ஒரு பெரிய பல் முளைக்கிறது. மேலும் கீழும் இருபுறமும் மொத்தம் நான்கு. எதுவும் விழவில்லை என்பதால் இதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். அது நிலைப்பல், ஆயுசுக்கும் ஒன்றுதான். அதன் தாது படிவது குழந்தை பிறக்கும் சமயத்திலேயே தொடங்கிவிடுகிறது.

இந்தப் பல்லில்தான் சொத்தை அதிகம் விழுகிறது. மேற்பரப்பிலுள்ள பள்ளங்கள் ஆழமானவை. பிரஷ்ஷின் ஒரு நாரைவிடக் குறுகலான வெடிப்புகளும் அதில் இருக்கும். முளைத்து வரும் எனாமல் இன்னும் முழுதாக இறுகியிருக்காது. பல் மேலேறி எதிர்ப்பல்லைத் தொட ஒரு வருடம்கூட ஆகலாம். அதுவரை பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்தே நிற்பதால், வழக்கம்போல் முன்னும் பின்னும் தேய்க்கும் பிரஷ் அதன்மேல் படாமல் தாண்டிப் போய்விடும். கன்னத்தின் ஓரமாகப் பிரஷ்ஷைக் குறுக்கே நுழைத்து, அந்தப் பல்லை மட்டும் தனியாகத் தேய்க்கவேண்டும். 7, 8 வயது வரை பெரியவர்கள் தேய்த்துவிடுவதுதான் சரி. 3 வயதுக்கு மேல் பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட் போதும். தேய்த்தபின் துப்பவேண்டும், தண்ணீர் விட்டு அலசவேண்டாம். பல் முழுதாக வெளிவந்ததும் பல் மருத்துவர் அதன் பள்ளங்களில் பிசின் பூசி அடைத்துவிடுவார். துளையிடும் வேலை இல்லை, வலியும் இல்லை.

விழப்போகிற பல்தானே என்று பால் கடைவாய்ப்பல் சொத்தையை விட்டுவைப்பதுதான் இந்த விஷயத்தில் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. அந்தப் பல் 10, 11 வயது வரை இருக்கவேண்டியது. 6 வயதில் அதைப் பிடுங்கினால் பின்னாலுள்ள பெரிய கடைவாய்ப்பல் முன்னால் சாய்ந்து, அடியில் வளரும் பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இடம் கிடைக்காத பல் கோணலாக வரும் அல்லது உள்ளேயே தங்கும். எடுத்தே ஆகவேண்டிய நிலையில், பக்கத்துப் பல்லில் வளையம் மாட்டி அதிலிருந்து ஒரு கம்பியை நீட்டி இடத்தைக் காக்கும் கருவியைப் பொருத்துவார்கள்.

சில பால் பற்கள் விழுவதே இல்லை. அடியில் வாரிசுப் பல் உருவாகவே இல்லையென்றால் கரைப்பைத் தொடங்கிவைக்கும் சமிக்ஞை வராது. வேர் மிக மெதுவாகவே தேயும், பெரியவரான பிறகும் பால் பல் வேலை செய்துகொண்டிருக்கும். ஞானப்பல்லை விட்டுவிட்டால், கீழ் இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லும் மேல் பக்கத்து முன்பல்லும்தான் அதிகம் இப்படி இல்லாமல் போகிறவை. இன்னொரு வகை, வேர் எலும்போடு நேரடியாக ஒட்டிக்கொள்வது. சுற்றிலும் தாடை வளர, அந்தப் பல் மட்டும் இருந்த இடத்திலேயே நின்று, வருடத்துக்கு வருடம் தாழ்ந்துகொண்டே போவதுபோலத் தோன்றும்.

விழுந்த பல்லில் எழுதியிருப்பது

பால் பல்லின் எனாமலைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் ஒரு கோடு தெரியும். கோட்டுக்கு அந்தப் பக்கம் கருவில் படிந்தது, இந்தப் பக்கம் பிறந்தபின் படிந்தது. பிறந்த சமயத்து உடல் அதிர்ச்சியின் பதிவு அது. எனாமல் உருவானபின் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதில்லை என்பதால் அந்தப் பதிவு அழிவதில்லை. இந்தக் குணத்தைப் பயன்படுத்தி, 1958 இறுதியில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் விழுந்த பால் பற்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பற்கள் சேர்ந்தன. அணுகுண்டுச் சோதனைகளிலிருந்து வந்த ஸ்ட்ரான்சியம்-90, கால்சியத்தைப் போலவே நடந்துகொள்வதால், பற்களில் படிந்திருந்தது. சோதனைகள் கூடிய ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளின் பற்களில் அதன் அளவும் கூடியிருந்தது.

அடிபட்டு விழும் பல்லுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. பால் பல் வேரோடு தெறித்தால் திரும்பச் செருகக்கூடாது. உள்ளே இருக்கும் நிலைப்பல்லின் மொட்டு நசுங்கிவிடும். நிலைப்பல் தெறித்தால் உடனே செருகியாகவேண்டும். வேரைத் தொடாமல், வெள்ளைத் தலைப்பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கு இருந்தால் பாலிலோ சலைனிலோ ஒருமுறை அலசுங்கள். இரண்டும் இல்லையென்றால் ஓடும் தண்ணீரில் சில நொடிகள் மட்டும். தேய்க்கவேண்டாம், வேரில் ஒட்டியிருக்கும் உயிரணுக்கள்தான் பல்லை மீண்டும் பிடித்துக்கொள்ளப் போகிறவை. பல்லைக் குழியில் சரியான பக்கம் திருப்பிப் பொருத்தி, துணியைக் கடிக்கச் செய்யுங்கள். அது முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்; வெறும் தண்ணீரில் ஊறவைத்தால் அந்த அணுக்கள் வீங்கி வெடித்துவிடும், காகிதத்தில் மடித்தால் காய்ந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போய்ச்சேரவேண்டும். எந்தப் பல் என்று குழம்பினால், முதலில் வயதைப் பாருங்கள். பிறகு அகலத்தையும் அந்த ரம்ப நுனியையும்.