ரேம்: சொல் விளக்கம்

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் போய், "அண்ணே, லேப்டாப்பு ரொம்ப இழுக்குது, மெமரி கூட்டணும்" என்று சொன்னால், "ரேமா, ஹார்ட் டிஸ்க்கா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். போனில் படம் நிறைந்தாலும் 'மெமரி ஃபுல்' என்கிறோம், லேப்டாப் திணறினாலும் 'மெமரி பத்தல' என்கிறோம். முன்னது சேமிப்பு. பின்னதுதான் ரேம், அதாவது கணினி வேலை செய்யும்போது தரவைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம்.

ரேம் என்பது 'ரேண்டம் ஆக்சஸ் மெமரி' என்பதன் முதலெழுத்துச் சேர்க்கை. 'ரேண்டம்' பழைய பிரெஞ்சுவழி ஆங்கிலத்துக்கு வந்த சொல். அங்கே அதற்கு வேகம், பாய்ச்சல் என்று பொருள். இலக்கில்லாமல் பாய்வது என்றாகி, கடைசியில் 'ஒழுங்கில்லாதது' என்ற பொருளில் நின்றுவிட்டது.

கணினியில் அந்தப் பொருளை எடுத்தால் தப்பாகிவிடும். காந்த நாடாவில் நடுவில் இருக்கும் தரவு வேண்டுமென்றால் அதுவரை நாடாவைச் சுற்றித்தான் ஆகவேண்டும். ரேமில் அந்தத் தொல்லை இல்லை. முதல் இடமோ கடைசி இடமோ, முகவரியைச் சொன்னால் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிடைக்கும். இதைத்தான் 'ரேண்டம் ஆக்சஸ்' என்றார்கள். ஆகவே 'தற்போக்கு அணுகல் நினைவகம்' என்ற மொழிபெயர்ப்பு எனக்கு ஒட்டவில்லை. ரேம் தன்போக்கில் எதையும் செய்வதில்லை. கணக்குப் புத்தகத்துச் 'சமவாய்ப்பு' என்ற சொல்லும் இங்கே சரிவராது, சமமாக இருப்பது நேரம், வாய்ப்பு அல்ல. 'நேரடி அணுகல் நினைவகம்' இருப்பதில் தெளிவானது.

ஜெர்மன்காரர்கள் இந்தச் சிக்கலுக்கே போகவில்லை. 'வேலை செய்யும் சேமிப்பு' என்று பொருள்படப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சில் 'உயிருள்ள நினைவு'. மின்சாரம் நின்றால் உயிர் போய்விடும் என்பதால் அதுவும் பொருத்தம்தான். இன்றைய ரேமின் அடிப்படையான ஒற்றை டிரான்சிஸ்டர் நினைவுக்கண்ணை (ஒரு பிட், அதாவது 0 அல்லது 1, நிற்கும் இடம்) ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டெனார்டு 1966இல் கண்டறிந்தார்; காப்புரிமை 1968இல் கிடைத்தது. அதில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாக நிற்கிறது, கசிந்துகொண்டும் இருக்கிறது. வழக்கமாக 64 மில்லிவிநாடிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதுப்பித்தாக வேண்டும். பெயர் நினைவகம், பிழைப்பு மறதியோடு!

அன்றாடப் பேச்சுக்கு 'ரேம்' போதும். எழுதும்போது ரேமுக்கு 'நினைவகம்', டிஸ்க்குக்குச் 'சேமிப்பகம்' என்று பிரித்து எழுதினாலே பாதிக் குழப்பம் தீரும்.

கடையில் அடுத்துக் காதில் விழுவது 'டிடிஆர்': 'டபுள் டேட்டா ரேட்', அதாவது இரட்டைத் தரவு வீதம். ஒரு கடிகாரத் துடிப்பில் இருமுறை தரவு நகரும். நம்மூர் வீடுகளில் இன்னும் கிடக்கும் அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் தொடக்க ஆண்டுகளில் வந்தவை பெரும்பாலும் டிடிஆர்3, அதாவது மூன்றாம் தலைமுறை. லேப்டாப்புக்கான டிடிஆர்3 ரேம் பட்டையில் 204 பின் (தொடர்பு முனைகள்), டிடிஆர்4இல் 260. பட்டையின் ஓரத்து வெட்டும் வேறிடத்தில் இருக்கும், ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று அழுத்தினாலும் ஏறாது. டிடிஆர்3எல் என்றால் 1.35 வோல்ட்டில் ஓடுவது, 1.5 வோல்ட் ஸ்லாட்டிலும் பொதுவாக வேலை செய்யும். 1.35 மட்டுமே ஏற்கும் லேப்டாப்பில் பழைய 1.5 வோல்ட் பட்டையைப் போடக்கூடாது. 32 பிட் விண்டோஸ் வைத்திருப்பவர்கள் 8 ஜிபி போட்டும் பயனில்லை. சாதாரணப் பதிப்புகள் 4 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளாது. முதலில் 64 பிட்டுக்கு மாற்றிவிட்டுக் கடைக்குப் போகலாம்.