அலைன்மென்ட்: சீரமைப்பா, ஒப்பா?

நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குப் பட்டறை வைத்திருக்கும் என் மச்சான் கார்த்திகைக்குப் பத்து நாள் இருக்கும்போது போன் செய்தார். விளக்கு வாங்கியவர்களுக்கு வருஷாவருஷம் அனுப்பும் மின்னஞ்சல், இந்த முறை பாதிப் பேருக்குப் போய்ச் சேரவில்லையாம். மொத்தமாக மடல் அனுப்பித் தரும் நிறுவனத்தைக் கேட்டிருக்கிறார். பதில் தமிழிலேயே வந்திருக்கிறது: 'சீரமைப்பு தோல்வி'.

"மாப்ளே, எதைச் சீரமைக்கணுங்கறான்? நம்ம பக்கம் வாய்க்கால் தூர்வாரினாத்தான் சீரமைப்புன்னு போர்டு வைப்பாங்க."

அவர் கேட்டது நியாயம். மூலச் சொல் அலைன்மென்ட். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டுவிட்டார்கள். கெட்டுப்போனதைச் சரிசெய்வதுதான் சீரமைப்பு. மச்சானின் மடலில் எதுவுமே கெட்டுப்போகவில்லை, சிக்கலே அதுதான்.

அலைன்மென்ட் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். 'அலின்யே' என்றால் கோட்டில் நிறுத்துவது. கோட்டைக் குறிக்கும் 'லின்ய்' லத்தீனின் 'லினெயா'விலிருந்து வந்தது. லினெயா என்றால் ஆளி நாரில் திரித்த நூல். கட்டுவேலைக்காரர் நூல் பிடித்துச் சுவர் வைப்பதும், கயிறு பிடித்து வரிசை நடவு நடுவதும் இதே சங்கதிதான். ஆகவே சக்கரத்துக்கோ சாலைக்கோ அலைன்மென்ட் என்றால், 'நூல் பிடித்தல்' என்று நாம் தாராளமாகச் சொல்லலாம். மின்னஞ்சலுக்கு அது ஒட்டாது. அங்கே கோடு கிடையாது. இரண்டு பெயர்கள் ஒன்றா வேறா என்ற கேள்விதான் இருக்கிறது.

ஒரு மடலில் அனுப்புநர் பெயர், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் இணையப் பெயர், ஒரே இடத்தில் இருப்பதாகத்தான் நாம் நினைக்கிறோம். உண்மையில் வாசிப்பவர் கண்ணுக்குத் தெரிவது ஒன்று. உறைமேல் இருப்பது இன்னொன்று. மடல் திரும்பினால் அந்த முகவரிக்குத்தான் திரும்பும். எஸ்பிஎஃப் என்ற சோதனை உறைப் பெயரை எடுத்துக்கொண்டு, 'இந்தப் பெயரில் அனுப்ப இந்தக் கணினிக்கு அனுமதி உண்டா?' என்று, டிஎன்எஸ் எனும் இணையப் பெயர்களின் பொதுப் பதிவேட்டில், அந்தப் பெயருக்கான பதிவில் பார்க்கும். டிகேஐஎம் என்பது முத்திரை. அனுப்புகிறவர் தன் ரகசியச் சாவியால் மடலில் முத்திரை வைப்பார். பெறுகிறவர் டிஎன்எஸ்ஸில் பொதுவில் இருக்கும் சாவியைக் கொண்டு அதைச் சரிபார்ப்பார். முத்திரையிலும் ஒரு பெயர் இருக்கும். ஆக மூன்று பெயர்.

மச்சானின் மடலில் எஸ்பிஎஃப் பாஸ், டிகேஐஎம்மும் பாஸ். ஆனால் உறையும் முத்திரையும் அனுப்பித் தரும் நிறுவனத்தின் பெயரில் இருந்தன; பட்டறையின் பெயர் வாசிப்பவருக்குத் தெரியும் இடத்தில் மட்டும். வேறொருவர் உறையில், வேறொருவர் முத்திரையோடு, மச்சான் பெயர் சொல்லி வந்த கடிதம்! இதைத்தான் டீமார்க் என்ற அடுத்த சோதனை பிடிக்கிறது. தெரியும் பெயர், தேறிய உறைப் பெயரோடோ தேறிய முத்திரைப் பெயரோடோ ஒத்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும். இந்த ஒத்திருத்தலுக்குத்தான் அலைன்மென்ட் என்று பெயர்.

தமிழில் இதற்கு 'ஒப்பு' என்பேன். 'ஒ' என்ற வேரிலிருந்து ஒத்தல், ஒப்பிடுதல், ஒப்புக்கொள்ளுதல், கையொப்பம் எல்லாம் கிளைத்தன. இரண்டைச் சேர்த்துவைத்துப் பார்ப்பதற்கும், இது என்னுடையதுதான் என்று கையெழுத்திடுவதற்கும் ஒரே வேர். ஆங்கிலச் சொல்லில் இல்லாத பொருத்தம் இது. ஒப்பமிடுதல் என்றால் மெருகேற்றுவது என்றும் ஒரு பொருள் உண்டு. பட்டறையில் இப்போது அதைப் பாலிஷ் என்கிறார்கள், போகட்டும்.

இந்த வேலை நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. சோழ மன்னர் வாய்மொழியாகச் சொன்ன ஆணையை எழுதியவர் திருமந்திர ஓலை. அவருக்கு மேலே திருமந்திர ஓலை நாயகம் என்று ஓர் அதிகாரி. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்த செப்பேட்டைப் பாருங்கள். நெதர்லாந்து போய் லெய்டன் செப்பேடு என்று பெயர் வாங்கியது அதுதான். 21 ஏடுகளையும் ஒரு வளையத்தில் கோத்து, அதில் சோழ முத்திரையைப் பதித்திருக்கிறார்கள். ஏட்டில் சோழன் பெயரும் வளையத்தில் வேறொருவர் முத்திரையும் இருந்தால் ஊர்ச்சபை ஒத்துக்கொண்டிருக்குமா?

'பொருத்தம்' என்று சொன்னால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். பத்தில் ஆறு இருந்தால் கல்யாணம் பண்ணலாம் என்ற நினைப்பு அந்தச் சொல்லோடு வந்துவிடும். ஒப்பு அப்படியல்ல, உண்டு அல்லது இல்லை. ஆனால் பெயரை எவ்வளவு நெருக்கிப் பார்ப்பது என்பதில் இரண்டு வகை உண்டு. இளக்கமான ஒப்பில், அரசலாற்றுத் தண்ணீரும் காவிரித் தண்ணீர்தான் என்பதுபோல, தலைப்பெயரும் அதன் கிளைப்பெயரும் ஒன்றாகவே கொள்ளப்படும். கறாரான ஒப்பில் எழுத்துக்கு எழுத்து அதே பெயர் வேண்டும். நாமாக மாற்றாதவரை இளக்கமானதுதான் நடப்பில் இருக்கும்; மச்சானுக்கு அதுவே போதும்.

'ஒப்புக்குச் சப்பாணி' என்ற வழக்கை வைத்து ஒரு தடை வரலாம். ஒப்புக்கு என்றால் பெயருக்கு, சும்மா என்றல்லவா அர்த்தம்? டீமார்க்கில் அதற்கும் இடம் இருக்கிறது! ஒப்பாத மடலை என்ன செய்வது என்று நாம் அறிவிக்கும் கொள்கையில் 'ஒன்றும் செய்யாதே' என்றும் எழுதலாம். ஒப்புக்கு வைத்த அந்தக் கொள்கையையே கூகுளும் யாகூவும் குறைந்தபட்சமாக ஏற்கின்றன.

இந்தச் சொல் பட்டறை வரை வந்ததற்கு அவர்களே காரணம். 2023 அக்டோபரில் அறிவித்து, 2024 பிப்ரவரியிலிருந்து விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000 மடல் அளவுக்கு அனுப்பினால் நீங்கள் மொத்தமாக அனுப்புகிறவர். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டீமார்க் மூன்றும் வேண்டும், ஒப்பும் வேண்டும். விளம்பர மடல் என்றால் ஒரே தட்டலில் விலக வழி இருக்க வேண்டும். விலகியவரை 2 நாளுக்குள் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். ஸ்பேம் என்று புகார் செய்கிறவர்கள் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் கீழே இருப்பது நல்லது, மூன்றைத் தொடவே கூடாது. மைக்ரோசாஃப்டும் 2025 மே மாதம் இதே வழிக்கு வந்தது.

மச்சானுக்குச் செய்தது சின்ன வேலைதான். அனுப்பித் தரும் நிறுவனம் கொடுத்த சில வரிகளைப் பட்டறைப் பெயரின் டிஎன்எஸ்ஸில் சேர்த்தோம். முத்திரை பட்டறைப் பெயருக்கு மாறியது, உறையும் அதன் கிளைப்பெயருக்கு மாறியது. பட்டியலில் இருந்த பழைய செத்த முகவரிகளைக் களையெடுக்கத்தான் இரண்டு ராத்திரி ஆனது.

போன வாரம் கும்பகோணத்துப் பாத்திரக்கடைக்காரர் ஒருவர் இதே தொல்லையோடு அவரிடம் போயிருக்கிறார். அறிக்கையை வாங்கிப் பார்த்துவிட்டு மச்சான் சொன்னாராம்: "உறை தேறிடுச்சு, முத்திரையும் தேறிடுச்சு. ஆனா பேரு ஒப்பலை அண்ணே."